பிளாஸ்திரி பிரிக்கும் கை

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் கையில் காயம்பட்ட தொழிலாளியின் கட்டைப் பிரிக்கையில், பிளாஸ்திரியை வெடுக்கென்று பிடுங்காமல், ஓரத்தை மெல்லக் கிளப்பி, ஒரு விரலால் சருமத்தை அழுத்திக்கொண்டு, மறுகையால் அதைத் தன்மேலேயே மடித்து, ரோமம் சாய்ந்த திசையில் தோலை ஒட்டினாற்போல் நிதானமாக உரித்தெடுக்கும் செவிலியரின் கைப்பக்குவம் மெய்யாகவே ஒரு கலை.

1920-ல் அமெரிக்காவின் ஏர்ல் டிக்சன், சமையலில் விரலை வெட்டிக்கொள்ளும் மனைவிக்காக ஒட்டுக்கட்டைச் சிருஷ்டித்தது அன்பின் காரியம்; அதைச் சேதமின்றி அகற்றுவதும் அவ்வன்பின் தொடர்ச்சியே. தோலடுக்குகள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடியைவிடப் பசையின் பிடி வலுத்துவிட்டால், பழைய காயத்தைச் சுற்றிப் புதுப் புண் உண்டாகும். முதியோர்க்கும் சிசுக்களுக்கும் இந்த அபாயம் அதிகம். ஆதலால், வியர்வையைத் துடைத்து உலர்த்தி, இழுத்துப் பிடிக்காமல் ஒட்டும்போதே ரட்சணை தொடங்கிவிடுகிறது. இந்த வித்தையை ஒவ்வோர் ஆலையின் முதலுதவி அறையிலும் சிரத்தையோடு கற்பிக்க வேண்டும்.