இருப்பு நிலைப்படி சரக்குகளைக் கொத்தாக்கல்: ஒரு மதிப்பீடு

சில்லறைக் கடைச் சரக்குகளை அவற்றின் இருப்பு நிலையைக் கொண்டு கணினி வழியாகக் குழுக்களாகப் பிரிப்பது, தரவுக் கொத்தாக்கலின் பயன்பாடுகளுள் ஒன்றாகும். இதற்குப் பெரும்பாலும் கே-மீன்ஸ் முறையே எடுத்தாளப்படுகிறது. 1957இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் லாயிட் இதன் வழிமுறையை வகுத்தார். 1967இல் ஜேம்ஸ் மக்குயின் இப்பெயரைக் கையாண்டார். முறை எளிது. அதனாலேயே ஆராயாமல் பயன்படுத்தப்படுவதும் உண்டு.

முதற்குறை அளவீட்டில் உள்ளது. ஒரு கடையில் தீப்பெட்டி 600, எரிவாயு அடுப்பு 3 இருப்பதாகக் கொள்வோம். வெறும் எண்ணிக்கையைக் கொடுத்தால் கணினி தீப்பெட்டியை மிகுதியான சரக்கிலும், அடுப்பைக் குறைவான சரக்கிலும் சேர்த்துவிடும். நாளொன்றுக்கு 300 தீப்பெட்டி விற்குமானால் கையிருப்பு இரண்டே நாளில் தீரும். மாதம் ஓர் அடுப்பு விற்குமானால் அது மூன்று மாதத்துக்கு வரும். ஆகவே இருப்பை நாள் விற்பனையால் வகுத்த பிறகே கொத்தாக்கத் தொடங்க வேண்டும். எந்த மளிகைக் கடைக்காரரும் இக்கணக்கை மனத்திலேயே போடுகிறார்.

அடுத்தது சுழியம் பற்றியது. இதுவே பெரிய இடர். விற்றுத் தீர்ந்த பொருளுக்கும் இருப்பு சுழியம். வாங்குவார் இல்லாமல் வரவழைப்பதையே நிறுத்திய பொருளுக்கும் சுழியம். இரண்டும் ஒரே கொத்தில் விழுகின்றன. மேலும், சரக்கு இல்லாத நாளில் விற்பனையும் சுழியமாகவே பதிவாகும். கேட்டுவிட்டு வெறுங்கையுடன் திரும்பியவர் எந்தப் பதிவிலும் இல்லை. இதனால் தேவை குறைவு என்று கணினி கருதும், கொள்முதல் குறையும், சரக்கு மீண்டும் தீரும். சரக்கு இல்லாத நாட்களை விற்பனைச் சராசரியிலிருந்து நீக்கி, அவற்றின் எண்ணிக்கையைத் தனி அளவாகச் சேர்ப்பது இதற்கு ஓரளவு மாற்றாகும்.

கணினியில் உள்ள இருப்பே அலமாரியில் உள்ள இருப்பு என்பதும் உறுதியன்று. நிக்கோல் டிஹோரேஷியஸ், அனந்த் ராமன் ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், 37 கடைகளின் ஏறத்தாழ 3,70,000 இருப்புப் பதிவுகளில் 65 விழுக்காடு உண்மை இருப்புடன் பொருந்தவில்லை.

எத்தனை கொத்து வேண்டும் என்று கேட்டால், இயல்பில் பிரிவே இல்லாத தரவையும் கே-மீன்ஸ் அத்தனையாகப் பிரித்துத் தரும். பீட்டர் ரூசோ 1987இல் முன்வைத்த சில்லூட் மதிப்பு கொத்துகளின் தெளிவைச் சோதிக்க உதவுகிறது. இருப்பு நாள் என்ற ஒரே அளவுதான் கையில் உள்ளதென்றால் கொத்தாக்கலே தேவையில்லை. ஏழு நாளுக்குக் கீழே வந்தால் வரவழை என்ற எல்லைக்கோடு போதும். இருப்பு நாள், சரக்கு வந்துசேரும் காலம், விற்பனையின் ஏற்ற இறக்கம் ஆகியவற்றைச் சேர்த்து நோக்கும்போதே இம்முறை பயன் தருகிறது. அப்போதும் குடை, போர்வை போன்ற பருவச் சரக்குகளைத் தனியே பிரித்து வைப்பது நல்லது.