கம்பத்தைத் தொடாத தோள்

சிக்குக் கோலம் போடும் கையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள். இழை புள்ளியை நோக்கித்தான் வரும். பட்டுவிடப் போகிறது என்று நாம் மூச்சைப் பிடிக்கும் கணத்தில், ஒயிலாக ஒரு வளைவு வளைந்து புள்ளியைச் சுற்றிக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடும். ஆஸ்திரேலியாவின் ஜெசிக்கா ஃபாக்ஸ் நுரைத்துப் பொங்கும் தண்ணீரில் படகு செலுத்துவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைதான் நினைவுக்கு வருகிறது. புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் தொங்கும் கம்பம். தரை இருக்க வேண்டிய இடத்தில், ஒரு நொடிகூடச் சும்மா இருக்காத வெள்ளம்.

கேனோ ஸ்லாலம் என்ற இந்தப் போட்டியைப் பார்த்திராதவர்களுக்காக: கொந்தளித்து ஓடும் நீருக்கு மேலே, குறுக்கே கட்டிய கம்பிகளிலிருந்து இரண்டிரண்டு கம்பங்கள் தொங்கும். ஒவ்வொரு இணையும் ஒரு வாயில். ஒரு தடத்தில் 18 முதல் 25 வாயில்கள் வரை இருக்கும். பச்சையும் வெள்ளையும் பூசியவற்றை நீரோட்டத்தோடு கடக்க வேண்டும். சிவப்பும் வெள்ளையும் பூசியவற்றுக்குக் கீழே போய், திரும்பி, நீரை எதிர்த்து மேலே ஏற வேண்டும். உடலோ துடுப்போ படகோ கம்பத்தில் பட்டால் 2 நொடி தண்டம். வாயிலைத் தவறவிட்டால் 50 நொடி. நூறு நொடி சொச்சத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

வாருங்கள், சிவப்பு வாயில் ஒன்றில் அவர் நுழைவதை மட்டும் மெதுவாக ஓடவிட்டுப் பார்ப்போம். தடுப்பு ஒன்றின் மறைவில், நீர் தன் போக்கை மறந்து மேல்நோக்கிச் சுழலும் சிறு சுழி இருக்கிறது. வாயில் அதன் மேல்தான் தொங்குகிறது. படகு அம்பாகக் கீழிறங்கி வருகிறது. கம்பத்தை நெருங்கும் முன்பே அவர் தலை திரும்பிவிடுகிறது. முதலில் கண் போகிறது, கண்ணுக்குப் பின்னால் தோள், தோளுக்குப் பின்னால் இடை, கடைசியாகத்தான் படகு. துடுப்பின் தட்டைச் சுழிக்குள் ஊன்றி அப்படியே பிடித்துக்கொள்கிறார். அந்த ஊன்றலே அச்சாகப் படகு சுற்றுகிறது. பின்முனை நீருக்குள் அமிழ்கிறது. முன்முனை, படமெடுப்பது போல் மெல்ல எழுகிறது.

அந்த இடத்தில் நிறுத்துங்கள். கம்பம் இப்போது அவர் காதோரம் தொங்குகிறது. தலை முழுவதும், படகில் ஒரு பகுதியும் இரு கம்பங்களுக்கு நடுவே போனால் போதும் என்பது விதி. போதும் என்று விதி சொல்வதற்கு மேல் ஓர் அங்குலம்கூட அவர் போவதில்லை. அதிகம் உள்ளே போவது அதிக தூரம். அதிக தூரம் அதிக நேரம். ஆகவே தோளை மடக்கி, முதுகைச் சாய்த்து, கம்பத்துக்கு வழிவிட்டுத் தானும் வழி பெற்றுக்கொள்கிறார். நெரிசலான கோயில் பிராகாரத்தில் கையில் ஏற்றிய விளக்கோடு போகும் பெண் யார் மேலும் படாமல் ஒதுங்குவாளே, அந்தப் பதமும் பணிவும் அந்த ஒரு சாய்வில் இருக்கின்றன. வெளியே வரும்போது சுழியின் மேலேறும் ஓட்டமே அவரைத் தூக்கி விடுகிறது. ஓரிரண்டு தள்ளல், படகு மறுபடி பேரோட்டத்தில். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத நாலைந்து நொடிகள் இவை.

கரையில் நடப்பதும் அதற்குக் குறையாத அழகு. வாயில்களின் அமைப்பைப் போட்டிக்குச் சற்று முன்புதான் காட்டுவார்கள். அந்த அமைப்பில் இறங்கிப் பழகிப் பார்க்க யாருக்கும் அனுமதி இல்லை. வீரர்கள் கரையோரம் நடந்து நடந்து தண்ணீரைப் படிப்பார்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, இல்லாத துடுப்பைக் காற்றில் வலிப்பார்கள். கச்சேரிக்கு முன் தொடையில் தாளம் போட்டுப் பார்க்கும் வித்துவானைப் போல, விரல்களும் மணிக்கட்டும் வரப்போகும் வளைவுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கின்றன.

இன்னொரு நயம், அவர் இரண்டு படகுகளின் அரசி என்பது. கயாக்கில் காலை நீட்டி உட்கார வேண்டும். துடுப்புக்கு இரு முனையிலும் தட்டு உண்டு. கேனோவில் மண்டியிட வேண்டும். துடுப்புக்கு ஒரே தட்டு. ஒன்றில் கைகள் மாறி மாறி இரு பக்கமும் பேசும். மற்றதில் ஒற்றைத் தட்டு இரண்டு பக்கத்து வேலையையும் செய்தாக வேண்டும். தேவைப்படும்போது உடலையே முறுக்கித் துடுப்பை மறுபுறம் கொண்டுபோய் நீரில் இறக்க வேண்டும். வீணையிலும் வயலினிலும் ஒருவரே முதல்தரம் என்றால் நாம் எப்படி வியப்போம்! 2014இலும் 2018இலும் உலகச் சாம்பியன் போட்டிகளில் இரண்டு படகுகளிலுமே தனிநபர் தங்கம் வென்றார்.

இந்த லாவகத்தில் ஒரு பங்கு வீட்டிலிருந்து வந்தது. தந்தை ரிச்சர்ட் ஃபாக்ஸ் பிரிட்டனுக்காகக் கயாக்கில் ஐந்து முறை தனிநபர் உலகப் பட்டம் வென்றவர். தாய் மிரியம், பிரான்சுக்காக 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றவர். மகள் 1994இல் மார்செய் நகரில் பிறந்தார். நான்கு வயதில் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் போனது. சிட்னிக்கு மேற்கே பென்ரித்தில், 2000 ஒலிம்பிக்குக்காக வெட்டிய செயற்கை ஓடையில், பம்புகள் இறைத்துத் தள்ளும் வெள்ளத்தில்தான் அவர் கை பழகியது. தாய்தான் பயிற்சியாளர். கரையோரம் கூடவே ஓடி வரும் அந்தத் தாயைப் பார்க்கும்போது, மகளின் ஒவ்வொரு சாய்வும் அம்மாவின் தோளிலும் ஒருமுறை அசைந்து அடங்குவதாக எனக்குத் தோன்றும்.

2012 லண்டனில், பதினெட்டு வயதில், கயாக்கில் வெள்ளி. 2016 ரியோவில் வெண்கலம். தங்கம் மட்டும் நழுவிக்கொண்டே இருந்தது.

டோக்கியோவை நிதானமாகச் சொல்ல வேண்டும். 2021 ஜூலை 27, கயாக் இறுதி. கடைசியாக இறங்கியவர் அவர்தான். எல்லாரையும்விட வேகமாக வந்தார். ஆனால் இரண்டு கம்பங்களில் பட்டுவிட்டது. இரண்டு சிறு தீண்டல், 4 நொடி தண்டம். தண்டத்தோடு அவர் நேரம் 106.73. தங்கம் வென்ற ஜெர்மனியின் ரிகார்டா ஃபுங்க் எடுத்தது 105.50. கழித்துப் பார்த்தால் நெஞ்சு வலிக்கும். ஆனால் அந்த இரண்டு தீண்டலை வைத்துத்தான் அவர் கலையின் விலையே எனக்குப் புரிந்தது. கம்பத்தை விட்டு ஒரு முழம் தள்ளிப் போயிருந்தால் பட்டிருக்காது; அந்த வேகமும் வந்திருக்காது. அழகும் ஆபத்தும் அங்கே ஒரே இழை.

அதே டோக்கியோவில் அவர் வெளியிட்ட ஒரு சின்ன வீடியோ உண்டு. படகின் மூக்கு அடிபட்டிருக்கிறது. கார்பன் கலவையைப் பூசி, அதன் மேல் ஓர் ஆணுறையை இழுத்து மாட்டி, பூச்சு வழவழவென்று இறுகும்படி செய்கிறார்கள். உலகமே அதைப் பார்த்துச் சிரித்தது. எனக்குப் பிடித்தது, அந்த மூக்கு வழவழப்பாக இருக்க வேண்டும் என்ற அவர்களுடைய அக்கறை. தண்ணீரில் சொரசொரப்பாக ஒரு கடுகளவுகூடப் போகக் கூடாதாம்!

இரண்டு நாள் கழித்து, ஜூலை 29. பெண்களுக்கான கேனோ இறுதி ஒலிம்பிக்கில் முதன்முதலாக நடந்த நாள். ஆண்களுக்கு அது 1972இலேயே கிடைத்திருந்தது. நெஞ்சில் அந்த இரண்டு கம்பங்களின் நினைவு இருந்திருக்கும். இருந்தும் மண்டியிட்டு இறங்கினார். எதிலும் படாமல் 105.04 நொடியில் வந்து சேர்ந்தார். இரண்டாவதாக வந்த பிரிட்டனின் மல்லோரி ஃபிராங்க்லினைவிட மூன்றரை நொடிக்கும் மேல் முன்னால். நூறில் ஒரு பங்கு நொடிக்குப் போராடும் ஆட்டத்தில் இது பெரிய இடைவெளி.

2024இல், பிறந்த மண்ணான பிரான்சில், பாரிஸ் ஒலிம்பிக். தொடக்க விழாவில் ஆஸ்திரேலியக் கொடி ஏந்திய இருவரில் ஒருவர். சில நாளிலேயே வேர்-சுர்-மார்ன் தடத்தில் கயாக்கில் 96.08 நொடியில் தங்கம். பன்னிரண்டு ஆண்டு காத்திருந்த தங்கம். மறுபடி பாருங்கள் அந்த ஓட்டத்தை: எங்கும் அவசரம் தெரியாது. தண்ணீர் அடிக்கிறது, புரட்டுகிறது, இழுக்கிறது. நடுவில் அவர் முகம் மட்டும் நிறைகுளம் போலத் தெளிந்திருக்கிறது. அடுத்து கேனோவிலும் தங்கம், 101.06 நொடி.

மூன்றாவது போட்டி கயாக் கிராஸ். நான்கு படகுகள் ஒன்றாகக் குதித்து முட்டி மோதி ஓடும் புதுப் போட்டி. அதில் தங்கை நோமியிடமே தோற்று அக்கா வெளியேறினார். தங்கை இறுதியில் வென்றபோது, கரையில் நின்ற அக்கா அப்படியே தண்ணீரில் குதித்துப் போய்க் கட்டிக்கொண்டார். அத்தனை ஆண்டுகளாக அளந்து அளந்து அசைந்த உடல், அன்று எதையும் அளக்காமல் பாய்ந்தது.

பாரிசில் பெண்களுக்கான ஸ்லாலம் தங்கங்கள் மொத்தம் மூன்று. மூன்றும் ஒரே வீட்டுக்குப் போயின.