சீருடையும் நகையும்

எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்த தொல்காப்பியர், எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கும் அது பிறக்கும் களங்கள் என வகுத்தார். உரையாசிரியர் பேராசிரியரோ, பிறரை எள்ளி நகுவதும், பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தானே நகுவதும் வெவ்வேறு என்று பிரித்துக் காட்டினார். இவ்விளக்கம் தேர்வுக்கு மட்டும் உரியதன்று. காவல் துறையில் பணிபுரிந்த பெண்ணொருத்தி தன் பழைய நாள்களை நகைச்சுவையோடு நினைவுகூர்வாளாயின், அவ்வெழுத்தை நிறுத்துப் பார்க்கும் தராசாகவும் அது அமையும்.

மலாயாக் காவல் துறை பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1955இல். தமிழ்நாட்டில் அது 1973இல் நிகழ்ந்தது. அதே ஆண்டில் இந்தியாவின் முதல் மகளிர் காவல் நிலையம் கோழிக்கோட்டில் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992இல் சென்னையில் தோன்றியது. இத்துணை ஆண்டுகள் கடந்தும், சிற்றூர்க் காவல் நிலையத்தை உள்ளிருந்து நோக்கி நகைக்கும் பெண்ணின் நினைவு நூல் தமிழில் அரிதாகவே உள்ளது.

காவலரை வைத்துச் சிரிப்பது தமிழர்க்குப் புதிதன்று. தேவனின் துப்பறியும் சாம்பு 1940களிலேயே வாசகரைக் குலுங்கக் குலுங்கச் சிரிக்க வைத்தான். அறியாமையாலும் தற்செயலாலும் வெற்றி காணும் சாம்புவிடம் பேதைமையும் மடனும் நிறைந்திருந்தன. எனினும் அது வெளியிலிருந்து எழுந்த சிரிப்பு. உள்ளிருந்து எழுதியவருள் முதலில் நினைக்கத்தக்கவர் திலகவதி. 1976ஆம் ஆண்டு அணியில் இந்தியக் காவல் பணிக்குத் தேர்வு பெற்ற அவர், தமிழ்நாட்டின் முதல் பெண் காவல் உயரதிகாரி ஆனார். ஆனால், 2005ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதை அவருக்குப் பெற்றுத்தந்த 'கல்மரம்' காவல் நிலையத்தைப் பற்றிய நாவலன்று. கட்டுமானத் தொழிலாளரின் வாழ்வைக் கூறுவது. அதிகாரம் பெற்றவர் அதிகாரமற்றவர் பக்கம் நின்று எழுதினார் என்பதே அதன் பெருமை. நகைச்சுவை நினைவுகளை எழுத முனைவோர்க்கும் இதுவே முதற்பாடம்.

மற்றொரு பாடம் தில்லியிலிருந்து வருகிறது. 1982இல் பிரதமர் அலுவலகத்துக்குரிய கார் ஒன்று, நிறுத்தக் கூடாத இடத்தில் நின்றதற்காக இழுத்துச் செல்லப்பட்டது. அப்போது போக்குவரத்துக் காவல் அதிகாரியாக இருந்த கிரண் பேடியைக் 'கிரேன் பேடி' என்று மக்கள் மகிழ்ந்து அழைத்தனர். உண்மையில் அதனைச் செய்தவர் துணை ஆய்வாளர் நிர்மல் சிங். வேடிக்கைக் கதை வாய் மாறும்போது எளியவரின் பெயரே முதலில் உதிர்கிறது. ஆகவே நினைவு நூலின் நகைச்சுவைக்கும் உண்மை என்னும் கடப்பாடு உண்டு.

நகை எவர்மீது விழுகிறது என்பதே எஞ்சிய வினா. ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகக் கொள்வோம். சேவல் களவு போயிற்று என்று ஒரு மூதாட்டி புகார் கொடுக்க வருகிறாள். புதிதாய்ப் பணியேற்ற பெண் காவலர் படிவத்தில் 'பெயர், வயது, அடையாளம்' என்னும் கட்டங்களைச் சேவலுக்கும் நிரப்பி முடிக்கிறார். இதனை எழுதுகையில் மூதாட்டியின் பேதைமையைக் காட்டிச் சிரிக்க வைக்கலாம். தம் இளமையின் அறியாமையைக் காட்டியும் சிரிக்க வைக்கலாம். முன்னது அதிகாரத்தின் ஏளனம், பின்னது இலக்கியம். அந்தச் சேவல் மூதாட்டிக்குச் சொத்து என்பதை ஒரு வரியிலேனும் உணர்த்தும்போதுதான் நகை முழுமை பெறும்.

சுங்கை பூலோ போன்ற ஊர்களில் இவ்வேறுபாடு இன்னும் கூர்மையடைகிறது. ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் தோட்டம் இருந்த ஊர் அது. தொழுநோயாளர்களைச் சட்டமே கட்டாயமாகப் பிரித்து வைத்த குடியேற்றம் அங்கே 1930இல் அமைந்தது. புடு சிறை மூடப்பட்டபோது, 1996இல், கைதிகள் கொண்டுவரப்பட்டதும் அங்கேதான். சட்டத்தின் கனத்தை இவ்வளவு நெருக்கத்தில் கண்ட மண்ணில், மெலிந்தவரை நோக்கிய சிரிப்பு சிரிப்பாகாது. மாநகரில் கேலிக்குள்ளானவன் கூட்டத்தில் மறைந்துபோவான். சிற்றூரிலோ மறுநாள் காலை சந்தையில் எதிர்ப்படுவான். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூடிய வேடிக்கையே எழுதத் தக்க வேடிக்கை.

மலேசியத் தமிழர் காவலரை 'மாத்தா' என வழங்கியதுண்டு. மலாய் மொழியில் அச்சொல்லுக்குக் கண் என்பது பொருள். கண்டவற்றைக் குறித்துக்கொண்ட அக்கண்கள் பல இன்று ஓய்வு பெற்று முதுமையெய்திவிட்டன. அவர்தம் நினைவுகளை மாணவர் கேட்டெழுத ஆசிரியர்கள் வழிகாட்டுவார்களாயின், நம் உரைநடைக்கு ஒரு புதுச் செல்வம் சேரும். எழுத வருவோர் ஒன்றை மட்டும் நினைவிற் கொள்ளல் வேண்டும்: சீருடை அணிந்தவர் பிறரைப் பார்த்துச் சிரிக்கையில் அச்சம் பிறக்கிறது, தம்மைப் பார்த்தே சிரிக்கையில் நம்பிக்கை பிறக்கிறது.