லின்னேயஸ் ட்ரைப்பின் ஒளிப்படங்களில் ஆற்றுவெளி

சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக 1856இல் அமர்த்தப்பெற்ற லின்னேயஸ் ட்ரைப், 1858ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர் ஆகிய இடங்களில் எடுத்த படங்கள் கட்டடக்கலை வரலாற்றுக்குரிய சான்றுகளாகவே பெரிதும் எடுத்தாளப்பெறுகின்றன. அவற்றுள் வைகையையும் அதன் குறுக்கே மதுரைக்குச் செல்லும் தரைப்பாலத்தையும் காட்டும் படம் தனித்து நோக்கத்தக்கது. 1889இல் ஆல்பர்ட் விக்டர் பாலம் எழுவதற்கும், 1895இல் பெரியாற்று நீர் வைகைக்குத் திருப்பப்பெறுவதற்கும் முற்பட்ட ஆறு அது. தன் படுகையின் மழையையே நம்பியிருந்த வைகையின் உருவத்தைக் காட்டுவதில்தான் அப்படத்தின் வரலாற்று மதிப்பு அடங்கியுள்ளது.

ஆயின், இத்தகைய படங்களைக் கொண்டு அக்கால ஆற்றங்கரை ஆளரவமற்றுக் கிடந்தது எனக் கொள்வது பிழையாகும். ட்ரைப் கையாண்டது மெழுகூட்டிய தாளில் எதிர்ப்படிவம் எடுக்கும் முறை. அம்முறையில் ஒரு காட்சி பதிய நிமிடக் கணக்கில் ஒளி விழவேண்டும். அதற்குள் கடந்து செல்லும் வண்டியும், நீர் மொண்டு செல்லும் பெண்டிரும், மேயும் மாடும் தாளில் தங்குவதில்லை. ஓடும் நீரும் அலையின்றிப் பளிங்குபோல் தோன்றும். அவ்வெறுமைக்குப் பதிவுமுறையே பெருங்காரணம். பணியின் நோக்கமும் இதனோடு சேர்ந்தது. பழங்கட்டடங்களைப் பதிவதற்கு அனுப்பப்பெற்றவர் மதகிலும் வயல்வரப்பிலும் கருவியை நிறுத்தவேண்டிய தேவை எழவில்லை. வானமும் ஐயத்திற்குரியதே. 1855இல் பர்மாவில் எடுத்த எதிர்ப்படிவங்களில் அவர் முகில்களைக் கையால் தீட்டிச் சேர்த்திருக்கிறார்.

ஆற்றுப்பாசன ஊர்களைத் தேடுவோர் அதே பயணத்தின் தஞ்சைப் படங்களை நோக்குதல் வேண்டும். பெரியகோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுக்களை ட்ரைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படிகளை இணைத்து ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே தொடராக்கினார். எழுத்தையே பொருளாகக் கொண்ட முயற்சி இது. இராசராசன் காலத்து அக்கோயிற் கல்வெட்டுக்கள், நெல் அளக்கவேண்டிய ஊர்களை நிரல்படுத்துமிடத்து, இறை நீங்கிய ஊர்நத்தம், சேரி, குளம், சுடுகாடு, ஊர்நிலத்தை ஊடறுத்துப் போன வாய்க்கால் ஆகியவற்றையும் அளவோடு சுட்டுகின்றன. வைகைக் காட்சிப்படத்தில் காணக்கிடைக்காத குடியிருப்பும் நீர்வழியும் காவிரிநாட்டுக் கல்லில் எழுத்தாக நிற்கின்றன. ட்ரைப்பின் தொடரில் இவ்வகை வரிகள் எத்துணை இடம்பெற்றுள்ளன என்பதை, 1891 முதல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுக்கள் இரண்டாம் தொகுதியின் பாடத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டே துணிதல் வேண்டும். 1858க்குப் பின் சிதைந்த எழுத்துக்கள் உளவாயின், அவையும் அவ்வொப்பீட்டில் வெளிப்படும்.