எழுதாத ஆண்டுகள்

படைப்பாளன் ஒருவன் எழுதாதிருந்த காலத்தை இலக்கிய வரலாற்றில் எங்ஙனம் வைத்து எண்ணுவது? நூல்கள் வெளிவந்த ஆண்டுகளை வரிசைப்படுத்தி, இடைப்பட்டவற்றைத் 'தேக்கம்' என்னும் ஒரு சொல்லால் கழித்துவிடுதல் ஆய்வாளர்க்கு எளிதாயிருக்கிறது. ஆயின், குன்றிய படைப்பூக்கம் மீண்டும் தளிர்க்கும் வகையை அறிய விரும்புவோர் அக்கழிக்கப்பட்ட ஆண்டுகளையே நோக்குதல் வேண்டும். நாஞ்சில் நாடு தரும் சான்றொன்றை ஈண்டு ஆராய்வாம்.

1795 வரை வேணாட்டரசின் தலைநகராயிருந்த பத்மநாபபுரத்தில், கம்பர் வழிபட்டதென்று வழங்கும் கலைமகள் படிமம் ஒன்றுண்டு. வழக்கு மெய்யோ அன்றோ என்பது வேறு ஆராய்ச்சி. அரண்மனையில் இன்றும் நவராத்திரி மண்டபம் நிற்கிறது. விழாவோ தலைநகரைப் பின்தொடர்ந்து திருவனந்தபுரம் சென்றுவிட்டது. ஆண்டுதோறும் அப்படிமம் ஊர்வலமாகச் சென்று, விழா முடிந்து திரும்புகிறது. அவ்விழாவிலேயே நூல்களைப் பூசையில் வைத்து, விசயதசமி காலை வரை படியாதிருக்கும் வழக்கமும் உண்டு. ஓதுதலைப் போற்றும் விழாவே ஓதாமைக்கும் ஓர் இடம் வகுத்திருத்தல் கருதத்தக்கது. எனினும், நாள் குறித்து வைத்த ஓய்வு வேறு. எழுத்தாளன்மேல் தானே வந்து கவியும் ஓய்வு வேறு. பின்னதற்கு விசயதசமி எந்நாள் என்பதை எவரும் முன்னரே உரைத்தல் இயலாது.

பத்மநாபபுரத்திற்கு அணித்தாகிய நாகர்கோவிலில் வாழ்ந்த சுந்தர ராமசாமி (1931-2005) இதற்குத் தக்க சான்றாவார். 'ஒரு புளியமரத்தின் கதை'யின் தொடக்கப் பகுதிகள் 'சரஸ்வதி' ஏட்டில் வெளிவந்து இடையில் நின்றன. முழுநூல் 1966-இல் தான் வந்தது. வந்த நூல் வரவேற்பையும் பெற்றது. அதன்பின் ஏறத்தாழ ஆறேழு ஆண்டுகள் அவர்தம் படைப்பெழுத்து ஓய்ந்தது. துணி வணிகம் அவரை விழுங்கிற்று எனல் எளிய விடை. யாம் அதனை ஏலோம். அதே வணிகத்தினிடையே அன்றோ முந்தைய கதைகளும், தகழியின் 'செம்மீன்' மொழிபெயர்ப்பும், புளியமரமும் தோன்றின? தடை புறத்தே இருந்ததன்று. தமக்குக் கைவந்த நடையே தமக்குப் போதாதாயிற்று என்பதே பின்வந்த நூல்கள் காட்டும் உண்மை.

1970-களின் முற்பகுதியில் அவர் மீண்டபோது, 'பசுவய்யா' என்னும் பெயரில் எழுதிய கவிதைகள் முன்னின்றன. 1975-இல் 'நடுநிசி நாய்கள்' தொகுப்பாயிற்று. புளியமரத்தின் வெற்றியைப் பற்றிக்கொண்டு மற்றொரு நாவல் எழுத முனைந்திருப்பின் அஃது இரண்டாம் புளியமரமாயிருக்கும் என்பது எம் கருத்து. அடுத்த நாவல் வர 1981 ஆயிற்று.

இக்கவிதை வழி அன்று புதிதாகக் கண்டதும் அன்று. ந. பிச்சமூர்த்தி 1934-இல் 'காதல்' என்னும் வசன கவிதையால் தொடங்கி, 1940-களில் கவிதையைக் கைவிட்டுப் பல்லாண்டு வாளாவிருந்தார். அவர்தம் 'பெட்டிக்கடை நாரணன்', 1959 சனவரியில் சி. சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' முதல் இதழில் மறுபதிப்பாக இடம்பெற்றது. இரு திங்களுள் பசுவய்யாவின் 'உன் கை நகம்' அதே ஏட்டில் வந்தது. மூத்தவர் மீண்டது இளையவர்க்கு ஒரு வாயில் திறந்தது. பதினான்கு ஆண்டுகள் கழித்துத் தம் உரைநடை அடைபட்ட காலை, இளையவர் அவ்வாயில் வழியே வெளிப்பட்டார். பிச்சமூர்த்தியின் ஊக்கமும் தனித்து எழுந்ததன்று. அதற்கு இடங்கொடுக்க ஓர் ஏடு வேண்டியிருந்தது. சிற்றேடுகளின் வரலாற்றை எழுதுவோர் இக்கணக்கையும் சேர்த்தெழுதுவாராக.

இனி, ஓய்வெல்லாம் விளைவுடையது என்று யாம் கூறவில்லை. ஓய்ந்தவர் பலர் ஓய்ந்தே போயினர். மீண்டும் எழுதப் புகுந்து பழையதையே மெலிவாக எழுதியோரும் உளர். ஆகலின் ஓய்வின் தன்மையை ஓய்ந்தவர் கூற்றைக் கொண்டு அளத்தல் தகாது. முன்னும் பின்னும் நிற்கும் நூல்களைக் கொண்டே அளத்தல் வேண்டும். புளியமரத்தில் தாமோதர ஆசான் கதை சொல்லுகிறார்; கேட்போர் சூழ்ந்திருக்கின்றனர்; நகைச்சுவை விரிந்து ஓடுகிறது; ஊரே பேசுகிறது. 'ஜே.ஜே: சில குறிப்புக'ளில் அவ்வோட்டம் இல்லை. எழுத்தாளன் ஒருவனைப் பற்றி மற்றோர் எழுத்தாளன் திரட்டும் செய்திகளும், இறந்தவன் எழுதிய நாட்குறிப்புகளுமே கதையாகின்றன. வாக்கியங்கள் இறுகிவிட்டன, ஒவ்வொன்றும் தனித்து நிற்கும் ஆற்றல் பெற்றுள்ளது. ஆசானின் குரலை இழந்தோமே என்னும் வருத்தம் எமக்கு உண்டு; அதனை மறைத்தற்கில்லை. ஆயினும் இந்த இறுக்கம் புளியமரத்திலிருந்து நேரே வந்திருத்தல் அரிது. இடையில் நிற்கும் கவிதைகளின் சொற்செட்டை அதனோடு ஒப்பிடுவார்க்கு இது விளங்கும்.

சுந்தர ராமசாமியின் நாவல்களை ஒருவரும் பசுவய்யாவின் கவிதைகளை மற்றொருவருமாக ஆராயும் முறையில் இத்தொடர்பு புலப்படாது. இருவேறு பெயர்களாயினும் எழுதிய கை ஒன்றே. முதுகலை மாணவர் எவரேனும் 'நடுநிசி நாய்க'ளையும் ஜே.ஜே.யின் நாட்குறிப்புப் பகுதியையும் அருகருகே வைத்து, வாக்கிய அளவும் வினைமுற்றுப் பயன்பாடும் நோக்கித் தொகுப்பாராயின், 1966-க்குப் பிந்திய அவ்வாண்டுகளைப் பற்றி எழுதுதற்கு முதற்கருவி கிடைத்ததாகும்.