தூரத்தில் ஒரு தொலைபேசிக் கூண்டு

கிரெக் டோலண்ட் என்றதுமே 'சிட்டிசன் கேன்' என்பார்கள். நியாயம்தான். 1941இல் வந்த அந்தப் படத்தின் கடைசி டைட்டில் கார்டில் ஆர்சன் வெல்ஸ் தன் பெயரோடு அவர் பெயரையும் சேர்த்துப் போட்டார். ஒரு ஒளிப்பதிவாளருக்கு அது அபூர்வமான மரியாதை. ஆனால் டோலண்டின் உச்சம் அதுவல்ல, 1946இல் வில்லியம் வைலருக்காக அவர் எடுத்த 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்'தான் என்பது என் கட்சி.

அருகில் இருப்பதும் தொலைவில் இருப்பதும் ஒருசேரத் தெளிவாகத் தெரிவதுதான் டீப் ஃபோகஸ். இன்ஜினியரிங் படித்த எனக்கு, கணக்கு போட்டுப் பார்த்தால்தான் அதன் அருமை புரிகிறது. லென்ஸின் துவாரத்தை எஃப் 2.8இலிருந்து எஃப் 11க்குச் சுருக்கினால் 16 மடங்கு வெளிச்சம் வேண்டும். அதற்காகவே டோலண்ட் வேகமான பிலிம், ஆர்க் விளக்குகள், பூச்சு பூசிய லென்ஸ் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டார்.

'கேன்' படத்தில் இந்த ஆழம் நம் தோளைத் தட்டிக் கூப்பிடுகிறது. சூசன் தற்கொலைக்கு முயலும் காட்சியில் முன்னால் பெரிதாகக் கண்ணாடி டம்ளர், பின்னால் கதவு. அது லென்ஸின் வேலைகூட இல்லை. ஒரே பிலிமை இரண்டு முறை ஓட்டி எடுத்தது. பார்க்கிறவன் 'அடேயப்பா' என்கிறான். அங்கே நாம் வியப்பது படம்பிடித்தவரை.

வைலர் படத்துக்கு வாருங்கள். போரிலிருந்து திரும்பிய மூவர், ஒரு பார். மணமான ஃப்ரெட் தன் மகளோடு பழகக் கூடாது என்று ஆல் சொல்லியாயிற்று. ஃப்ரெட் எழுந்துபோய் மூலையில் இருக்கும் தொலைபேசிக் கூண்டுக்குள் நுழைகிறான். முன்னால், இரு கைகளையும் இழந்த ஹோமர் கொக்கிகளால் பியானோ வாசிக்கிறான். ஆல் அதை ரசிக்கிற மாதிரி நிற்கிறார். கண் மட்டும் கூண்டுப் பக்கம் போகிறது. நடுவில் ஆலின் முகத்துக்கு கட் வருகிறது, உண்மை. ஆனால் கேமரா கூண்டுக்கு அருகே போவதே இல்லை. ஒரு காதல் முறிவதை, ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், தூரத்தில் சின்ன உருவமாகப் பார்க்கிறோம்.

இது வைலரின் யோசனைதானே என்று கேட்கலாம். 1936 முதல் இருவரும் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். யாருடையது எது என்று பிரிப்பது கஷ்டம். ஆனால் பின்னால் இருப்பது மங்கியிருந்தால் அந்த யோசனைக்கே இடமில்லை. பியானோவா, கூண்டா? எதைப் பார்ப்பது என்பதை நம்மிடமே விட்டுவிடுகிறார்கள். ஹோமரின் சந்தோஷத்தைப் பார்த்தால் ஃப்ரெட்டைக் கைவிட்ட மாதிரி இருக்கிறது. ஃப்ரெட்டைப் பார்த்தால் ஹோமரை. ஆலின் சங்கடம் நமக்கும் தொற்றிக்கொள்கிறது. இவ்வளவு வெளிச்சமும் கணக்கும் இதற்குத்தான்.

அந்தப் படம் ஏழு போட்டி ஆஸ்கர்களை வென்றது. ஒளிப்பதிவுக்குப் பரிந்துரைகூட இல்லை. 1948இல், 44 வயதில் டோலண்ட் இறந்துபோனார். அந்த பார் காட்சியில் ஒளிப்பதிவு என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வராது. பரிசுக்குழுவுக்கும் வரவில்லை போல.