பயந்துகொண்டே முன்னே போகிறவள்

சின்ன வயதில் வீடியோ கேசட்டில் பார்த்து மிரண்டுபோன ‘தி சீக்ரெட் ஆஃப் நிம்’ படத்தைப் போன வாரம் மறுபடி பார்த்தேன். அன்றிலிருந்து எதிரில் வருகிறவர்களிடம் எல்லாம் இதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். 1982-இல் வந்த கார்ட்டூன் படம். என்ன ஒரு படம்!

மிசஸ் பிரிஸ்பி என்ற சுண்டெலி, கணவனை இழந்தவள். நாலு பிள்ளைகள். அதில் டிமதிக்கு நிமோனியா. குளிர்காற்று பட்டால் உயிர் போய்விடும். அவர்கள் குடியிருக்கும் சிமெண்ட் கல் கிடப்பதோ உழவுக்குக் காத்திருக்கும் வயலின் நடுவே. இருந்தால் கலப்பை நசுக்கும், கிளம்பினால் பிள்ளை பிழைக்காது. இந்த நெருக்கடியைப் படம் ஆரம்பத்திலேயே நம் தலையில் இறக்கிவைத்துவிடுகிறது. சிறுவயதில் எனக்கு இருட்டும் எலும்புகளும்தான் பயம் காட்டின. இப்போது அந்த டிராக்டர் உறுமி எழும்போதே வயிறு கலங்குகிறது.

ஆந்தைக் காட்சியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. யோசனை கேட்க அவள் போவது எலிகளைத் தின்னும் ஆந்தையிடம்! மரப்பொந்துக்குள் ஒட்டடை, காலடியில் எலும்புகள், பின்னால் மெல்ல நெருங்கும் சிலந்தி. ஒரே மிதியில் சிலந்தி கூழாகிறது. பிறகு அந்த மாபெரும் ஆந்தையின் கண்கள் எரிகின்றன, ஜான் காரடினின் கரகரத்த குரல் எழுகிறது. மிசஸ் பிரிஸ்பி உடம்பெல்லாம் நடுங்க நிற்கிறாள். ஆனாலும் கேட்க வந்ததைக் கேட்டுவிட்டுத்தான் திரும்புகிறாள்.

இந்தப் படத்தின் உயிரே அதுதான். பயம் தெளிந்த பிறகு அவள் வீராங்கனை ஆவதில்லை. கடைசிவரை பயப்படுகிறாள், பயந்துகொண்டே அடுத்த அடி வைக்கிறாள். பண்ணைப் பூனையின் தட்டில் மயக்க மருந்து கலக்கப் போவதும் அப்படித்தான். அவள் கணவன் உயிரை விட்டதே அந்த வேலையில்தான். எலிசபெத் ஹார்ட்மன் தன் கடைசிப் படமான இதில் கொடுத்திருக்கும் குரல் மெல்லியது, தயங்கித் தயங்கி வருவது. ஆனால் ஒரு இடத்திலும் பின்வாங்காதது.

இதை எடுத்தவர்களுக்கும் துணிச்சல் குறைவில்லை. டான் ப்ளூத், கேரி கோல்ட்மன், ஜான் பொமராய் மூவரும் 1979-இல் டிஸ்னியை விட்டு வெளியேறினார்கள். பழைய படங்களில் இருந்த கைவேலை நுணுக்கம் செலவைக் காரணம் காட்டிக் கைவிடப்படுகிறது என்பது அவர்கள் ஆதங்கம். அந்த ஆதங்கத்தில் பிறந்த முதல் முழுநீளப் படம் இது. வெளிச்சம் மாறும் இடத்துக்கெல்லாம் தக்கபடி மிசஸ் பிரிஸ்பிக்கு மட்டும் 46 வண்ணப் பட்டியல்கள் வைத்திருந்தார்கள்! ஜொலிக்க வேண்டியவற்றுக்குப் பின்னாலிருந்து விளக்கொளியைப் பாய்ச்சிப் படம் பிடித்தார்கள். அதனால்தான் அந்த ஆந்தையின் கண்கள் திரையில் நிஜமாகவே கனல்கின்றன. ஜெர்ரி கோல்ட்ஸ்மித் அனிமேஷனுக்கு இசையமைத்தது இதுவே முதல்முறை. கார்ட்டூன்தானே என்று ஒரு சுரத்தைக்கூட அவர் எளிதாக்கவில்லை.

ஆய்வுக்கூடக் காட்சி இன்று இன்னும் உறைக்கிறது. கூண்டுகள், ஊசிகள், துடிக்கும் எலிகள். அறிவு வளர்ந்து, எழுதப் படிக்கக் கற்றுத் தப்பி வந்த அந்த எலிகள், பண்ணையிலிருந்து மின்சாரம் திருடி வாழ்கின்றன. திருடாமல் வாழ முடியாதா என்று அவற்றின் தலைவர் நிக்கோடீமஸ் தவிக்கிறார். குழந்தைகள் படத்தில் இப்படி ஒரு மனசாட்சிக் கேள்வி!

படத்துக்கு மூலமான ராபர்ட் சி. ஓ’பிரையனின் 1971 நாவலில் மந்திரக்கல் கிடையாது. படத்தில் அதைச் சேர்த்தது பிடிக்காதவர்கள் உண்டு. எனக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. கலப்பைக்குத் தப்ப இடம் மாற்றும்போது பிள்ளைகளோடு வீடு சேற்றில் மூழ்குகிறது, கயிறுகள் அறுந்துவிட்டன, உதவ வந்த எலிகள் கையைப் பிசைந்து நிற்கின்றன. அப்போதுதான் கல் ஒளிர்கிறது. அதைப் பிடித்த அவள் கைகள் வெந்துபோகின்றன. அதிசயம்கூட அவளுக்குச் சும்மா கிடைக்கவில்லை.

எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். பயப்படுவார்கள், பயப்படட்டும். பயமே இல்லாத வீரர்களைத் திரையில் நிறையப் பார்த்துவிட்டார்கள். கால் நடுங்கும்போதும் போகத்தான் வேண்டும் என்று போகிற ஒரு அம்மாவை அவர்கள் பார்க்க வேண்டும். நாமும்தான்.